பயந்தவர் தேர்ந்தெடுத்த கம்பைலர்

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் மறுபடியார். பிழை திருத்துவது அவர் வேலை. எந்தத் தாளை முடித்துக் கொடுத்தாலும், அச்சேறப் போகும் நேரத்தில் ஓடி வந்து, "மறுபடி ஒரு தடவை பார்த்துடலாமே" என்பார். மிஷின்காரர் தலையில் அடித்துக்கொள்வார். பூட்டிய வீட்டுக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்; தெருமுனைக்குப் போனதும், இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்புவார். தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்ததா என்று கையை விட்டுப் பார்த்து, கை மாட்டிக்கொண்டு, தபால்காரர் வந்து திறக்கும்வரை பெட்டியோடு நின்ற கதை ஒன்று உண்டு. சுபாவத்திலேயே பயந்தவர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அவர் மனைவி நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். "உடைஞ்ச எலும்பு ஒட்டிக்கும், அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுறீங்க?" என்று நோயாளியையே அதட்டுகிற ஆள். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று சொந்தக்காரர்கள் வியப்பார்கள். நன்றாகவே ஒத்துப்போயிற்று.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. குறைமாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, கொஞ்சம் சதை பிடித்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"தூக்கத்துல சில சமயம் மூச்சு விட மறந்துடும். மூளை இன்னும் பழகலை, அவ்வளவுதான். உள்ளங்கால்ல சுண்டினீங்கன்னா ஞாபகம் வந்து விட்டுக்கும். ஒரு வயசு நெருங்கும்போது சரியாயிடும். அதுவரைக்கும் தூங்குறப்பல்லாம் யாராவது பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்."

"பார்க்காம விட்டுட்டா?" என்று கேட்டார் மறுபடியார்.

டாக்டர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் தூக்கம் என்பது முறை போட்டுக்கொள்ளும் வேலையாகிவிட்டது. மாடி வீடு. கீழே லேத் பட்டறை. முன்னறையில் ஜன்னல் ஓரம் கம்பித் தடுப்பு வைத்த சின்னக் கட்டிலில் குழந்தை. மனைவிக்கு மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை டியூட்டி. அச்சக முதலாளி நல்ல மனிதர். திருத்த வேண்டிய தாள்களை வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஆக, அந்த நேரம் முழுக்கக் குழந்தையும் தகப்பனும் மட்டும்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு மத்தியானம் அது நடந்தது. தாளிலிருந்து நிமிர்ந்தார். குழந்தையின் மார்பு அசையவில்லை. கண் ஏமாற்றுகிறதோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அசையவில்லை. ஜன்னல் வெளிச்சம்தான் சரியில்லையோ என்று திரைச்சீலையை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் ஓடிப்போய்க் காலைச் சுண்டினார். குழந்தை ஒரு விக்கல் விக்கி மூச்சை இழுத்தது.

ராத்திரி மனைவி வரும்போது அவர் குழந்தையைத் தோளைவிட்டு இறக்கியிருக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூச்சு நின்னதும் என்ன செஞ்சீங்க?"

"நின்னுடுச்சான்னு மறுபடி பார்த்தேன்."

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இனிமே பார்க்காதீங்க. சுண்டிட்டு அப்புறம் பாருங்க."

சரி என்றார். ஆனால் தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். அடுத்த முறையும் அவர் கண்ணாடியைத் துடைப்பார். துடைக்கிற அந்த நேரத்தில் போனது போனதுதான். மறுபடி பார்க்காத ஒரு கண் அந்த அறைக்கு வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

பீரோ மேல் துணி சுற்றி ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. அவருடைய தம்பி கப்பல் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற பழைய மாதிரி. தட்டச்சுப் பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். டிவியில் ஒயரைச் செருகினால் எழுத்து தெரியும். எழுதியதை டேப்ரிக்கார்டரில் கேசட்டில் பதிந்து வைக்கலாம். ஆபீஸ்களில் அதற்குள் பெரிய பெரிய மிஷின்கள் வந்துவிட்டிருந்ததால் இதை யாரும் சீந்தவில்லை. தம்பி போன புதிதில் மறுபடியார் அதோடு வந்த புத்தகத்தை, தொழில் புத்தியில், அச்சுப்பிழை பார்ப்பதற்காகப் படித்தார். பிழைகளோடு சேர்த்து பேசிக் என்ற கணினி மொழியும் கொஞ்சம் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்தே கூடப் படித்த சிநேகிதர் ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ரேடியோக்காரர், இடுப்புப் பட்டியில் போடும் எலாஸ்டிக்கில், பழைய டேப்ரிக்கார்டரிலிருந்து கழற்றிய சின்ன ஸ்விட்ச் ஒன்றைத் தைத்து, மார்பில் கட்டும் பட்டியாக்கிக் கொடுத்தார். குழந்தையின் மார்பு எழும்பும்போது ஸ்விட்ச் திறக்கும், தாழும்போது மூடும். அந்த ஒயர் கம்ப்யூட்டரில் விளையாட்டுக் கைப்பிடி செருகும் துளைக்குப் போனது. இன்னொரு ஒயர் ஸ்கூட்டர் ஹாரனுக்கு.

மறுபடியார் பேசிக்கில் புரோகிராம் எழுதினார். ஒரு மூச்சுக்கு ஒரு புள்ளி டிவியில் விழும். பதினைந்து விநாடி புள்ளி விழவில்லையென்றால் ஹாரன் அடிக்கும். எல்லா மூச்சும் வந்த நேரத்தோடு மிஷினுக்குள் வரிசையாகப் பதிந்துகொள்ளும். டாக்டரிடம் சொல்ல உதவும் என்று நினைத்தார்.

முதல் சில நாள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருவரும் சாப்பிட்டார்கள். அப்புறம் ஒரு மத்தியானம் புள்ளி நின்றது. அவர் பாய்ந்து போய்ச் சுண்டினார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீலென்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் டிவியில் இன்னும் புள்ளி இல்லை. குழந்தை கத்துகிறது, மிஷினுக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஒன்றும் நடக்காததுபோல் மிஷின் தூக்கம் கலைந்து புள்ளி வைக்கத் தொடங்கியது.

குழந்தை நன்றாயிருக்கும்போது மிஷின் நின்றால் பரவாயில்லை. மிஷின் நிற்கும்போது குழந்தையும் நின்றால்? அந்த யோசனை வந்த பிறகு அவர் அன்று முழுக்கக் கட்டிலைவிட்டு நகரவில்லை.

மறுநாள் காலை மனைவியைக் குழந்தையிடம் உட்கார வைத்துவிட்டு, கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருந்த கேசட் கடைக்குப் போனார். ஒரு பக்கம் பாட்டு கேசட், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் கேசட் விற்கும் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் கடைக்கார அக்கா. அவர் விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேசிக் அப்படித்தான் சார். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு தடவையும் புதுசாப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டுத்தான் செய்யும். அதுவும் நீங்க எழுத்தை வெட்டி ஒட்டி வெச்சா, வெட்டின துண்டெல்லாம் உள்ளயே குப்பையாச் சேரும். இடம் போதலைன்னா எல்லா வேலையையும் நிறுத்திட்டுக் கூட்டிப் பெருக்க உட்கார்ந்துடும். கம்பைலர் போடுங்க. மொத்தத்தையும் முன்னாடியே மிஷினோட சொந்த பாஷைக்கு மாத்திக் கொடுத்துடும். அப்புறம் பறக்கும்."

"பறக்க வேண்டாம்மா. நிக்காம இருந்தா போதும்."

கடைக்கார அக்கா மூன்று கேசட்டை எடுத்து வைத்தார். "இது பேசிக் கம்பைலர். நீங்க எழுதினதை அப்படியே போடலாம், ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். இது பாஸ்கல். எல்லாத்தையும் முதல்லேர்ந்து வேற பாஷையில எழுதணும். லொட்டு லொட்டுன்னு குத்தம் சொல்லும். ஏத்தவே நேரமாகும். மிஷின்ல பாதி இடத்தை அதுவே எடுத்துக்கும். இது சி-ங்கிற பாஷை. வேகம்னா வேகம். ஆனா நீங்க என்ன எழுதினாலும் வாயை மூடிக்கிட்டுச் செய்யும்."

"இதுல எது தப்பு பண்ணாது?"

"கம்பைலர் எங்க சார் தப்பு பண்ணுது? நாமதான் பண்றோம். ஆமா, என்ன விளையாட்டு எழுதுறீங்க?"

"விளையாட்டு இல்லை. குழந்தைக்கு மூச்சு நின்னா ஹாரன் அடிக்கணும்."

கடைக்கார அக்காவின் சிரிப்பு போய்விட்டது. மூன்று கேசட்டையும் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப என்கிட்ட யோசனை கேக்காதீங்க சார். நான் பாட்டு கேசட் விக்கிறவ."

"நீங்க சொல்லலைன்னா எனக்கு வேற யாரும்மா சொல்லுவா?"

கடைக்கார அக்கா பாட்டு கேசட்டுகளை அடுக்கப் போய்விட்டார். மறுபடியார் கடை வாசலில் நெடுநேரம் நின்றார். புதிய பாஷையில் எழுதினால் தெரியாத இடத்தில் தெரியாத பிழை நுழையும். பேசிக்கில் எழுதியதோ வரிக்கு வரி பார்த்துப் பார்த்து மனப்பாடம். அதைத் தொடவே வேண்டாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. பயம்தான் தேர்ந்தெடுத்தது. பேசிக் கம்பைலரை வாங்கிக்கொண்டார்.

புள்ளிகள் இப்போது தண்ணீர் சொட்டுவதுபோல் ஒரு சீராக விழுந்தன. நிற்கவே இல்லை. தினமும் காலையில் புரோகிராமை ஓடவிட்டதும், பட்டியை முதலில் தன் மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தரையில் படுத்து மூச்சை அடக்குவார். ஹாரன் அலறும். அப்புறம்தான் குழந்தைக்குக் கட்டுவார். கீழே லேத் பட்டறைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டுக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டப் பழகுறீங்களா?"

விஷயம் தெரிந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு இறங்கிப்போனார். பிறகு ஹாரன் கேட்கும்போதெல்லாம் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார் என்று அவர் மனைவி சொல்லித்தான் இவர்களுக்குத் தெரியும்.

வாரம் போயிற்று. வீடு கொஞ்சம் தளர்ந்தது. மனைவி சமையலறையில் முணுமுணுவென்று பாடக்கூடத் தொடங்கினாள்.

அவளுக்கு விடுமுறை நாள் ஒன்று வந்தது. குழந்தை காலையெல்லாம் தூங்கி எழுந்து அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. மிஷின் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பட்டி கட்டிலில் சும்மா கிடந்ததால், மறுபடியார் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, குழந்தையைத் தூக்கியபோது அணைத்த ஹாரன் பொத்தானைப் போட்டுவிட்டு அதை எடுத்தார். காலையில் சோதித்தாயிற்று, அவசியமே இல்லை. ஆனாலும் படுத்து மார்பில் பிடித்துக்கொண்டு நாலு மூச்சு விட்டார். நாலு புள்ளி விழுந்தது. மூச்சை அடக்கினார்.

புள்ளி நின்றது. ஹாரன் வரவில்லை.

இன்னும் பதினைந்து விநாடி ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். அடக்கினார். காது அடைத்துக்கொண்டது. வரும், வந்துவிடும். விலா எலும்பெல்லாம் வலித்தது. பார்வையின் ஓரங்களில் கறுப்பு படர்ந்து நடுவில் டிவி மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. கடைசிப் புள்ளி அப்படியே இருந்தது. மூச்சை விட அவருக்கு மனம் வரவில்லை. தான் விட்டால் அந்த மிஷின் தப்பித்துக்கொள்ளும் என்பதுபோல அடக்கிக்கொண்டே கிடந்தார்.

"என்னங்க! முகமெல்லாம் என்னங்க இப்படி!"

மனைவி ஒரு கையில் குழந்தையோடு வந்து அவர் மார்பில் ஓங்கித் தட்டினாள். மூச்சு பீறிட்டுக்கொண்டு வந்தது. டிவியில் ஒரு புள்ளி விழுந்தது. அவர் ஹாரனை நோக்கி விரலை நீட்டினார். அவள் ஹாரனைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"தெரியலை."

"காலைல இவ எவ்வளவு நேரம் தூங்கினா! நான் இதை நம்பிக் குளிக்கப் போனேங்க. துணி வேற துவைச்சேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கியதில் அது சிணுங்கியது.

ரேடியோக்காரர் வந்து ஒயரையெல்லாம் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. பிழை புரோகிராமில்தான் இருந்தது. அதை மறுபடியாரே கண்டுபிடித்தார். மூச்சுகளை வரிசையாகப் பதிந்து வைக்க ஓர் அளவுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார். பேசிக்கில் ஓடியபோது அந்த இடம் நிரம்பியதே இல்லை; அப்போதெல்லாம் ஒவ்வொரு தூக்கத்துக்கும் புதிதாக ஓடவிடுவார், கம்பைலர் வந்த பிறகுதான் விடியற்காலையிலிருந்து நிறுத்தாமல் ஓடவிட்டார். நிரம்பியிருந்தாலும் பேசிக் பிழை என்று சொல்லி நின்றிருக்கும். கம்பைலர் மாற்றிக் கொடுத்த புரோகிராமோ அந்தக் கேள்வியெல்லாம் கேட்பதில்லை. தாள் தீர்ந்தது தெரியாமல் எழுதிக்கொண்டே போனால் எழுத்து மேசை மேல் விழும், பக்கத்தில் கிடக்கும் இன்னொரு தாள்மேலும் விழும். அப்படித்தான் மூச்சுக் கணக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி, பக்கத்திலிருந்த இடத்தில் போய் எழுதியிருந்தது. அந்த இடத்தில்தான் 'பதினைந்து விநாடி' என்ற எண் இருந்தது. அது அழிந்து ஏதோ பெரிய எண்ணாகிவிட்டது. மிஷின் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழந்தை மூச்சு விடாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

அவர் டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். "இனிமே இந்தச் சனியனே வேண்டாம். நானே கண்ணைக் கொட்டாம உட்கார்றேன்."

"உட்காருவீங்க. எனக்கு முடியாதே," என்றாள் மனைவி. "போன வாரம் ராத்திரி என் முறையில உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். முழிச்சப்ப அவ மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. உங்ககிட்ட சொல்லலை. நான் நர்ஸுங்கிறதால எனக்குப் பயம் இல்லைன்னு நினைச்சீங்களா? ஆஸ்பத்திரில இருக்கிறதெல்லாம் மத்தவங்க எலும்புங்க."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. ஒயரை மெல்லத் திரும்பச் செருகினார்.

மனைவியின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். "குழந்தையை வளர்க்கச் சொன்னா டிவியை வளர்க்கிறீங்களே மாப்பிள்ளை," என்று கேலி செய்வார். ஆனால் கண் மட்டும் குழந்தையின் மார்பைவிட்டு நகராது. அந்தக் காவல் இருந்த தைரியத்தில் மறுபடியார் திரும்பவும் கேசட் கடைக்குப் போனார்.

"அந்த லொட்டு லொட்டுன்னு குத்தம் சொல்றது இருக்கா?"

கடைக்கார அக்கா பாஸ்கல் கேசட்டை எடுத்துக் கொடுத்தார். முகத்தில் கேள்வி இருந்தது. கேட்கப் பயந்து, "பாப்பா எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கா."

பாஸ்கல் அவரைப் படாதபாடு படுத்தியது. கம்பைலரை ஏற்ற டேப்ரிக்கார்டர் கீச்சுக் கீச்சென்று வெகுநேரம் கத்தும். எழுதியதைக் கொடுத்தால், இந்தப் பெயரை முன்னால் சொல்லவில்லை, இந்த இடத்தில் அரைப்புள்ளி இல்லை, இங்கே எண் கேட்டால் எழுத்து கொடுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பும். அச்சகத்தில் அவர் மற்றவர்களுக்குச் செய்வதை இது அவருக்குச் செய்தது. கோபம் வரவில்லை, நமக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. அதைவிட முக்கியமான ஒன்று: மாற்றிக் கொடுத்த பிறகு ஓடும்போதும் அது கண்காணிப்பை விடாது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதப்போனால், எழுதவிடாமல் பிழையைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும்.

நின்றுவிடும் என்பதில்தான் அவருக்கு அடுத்த பயம் பிடித்தது. பொய் சொல்லாமல் நிற்பது நல்லதுதான். ஆனால் நின்றுபோன புரோகிராம் ஹாரனை எப்படி அடிக்கும்? சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் ரேடியோக்காரர் கடைக்குப் போனார்.

"டேய், புரோகிராம் ஹாரனை அடிக்க வேண்டாம்டா. ஹாரன் எப்பவும் அடிக்கத் துடிச்சுக்கிட்டே இருக்கணும். புரோகிராம் அதைத் தட்டித் தட்டி அடக்கி வைக்கணும். தட்டுறது நின்னா அது கத்தணும்."

ரேடியோக்காரர் சாலிடர் கம்பியைக் கீழே வைத்தார். "கரண்ட் போனா?"

"கத்தணும்."

"ஒயர் அறுந்தா?"

"கத்தணும்டா. எது நடந்தாலும் கத்தணும்."

"உன்னை மாதிரியே ஒண்ணு செய்யச் சொல்றே," என்றார் ரேடியோக்காரர். அன்றைக்கே தனி பேட்டரி வைத்து அதைச் செய்துகொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஹாரன் அடிக்காத நாள் இல்லை. கரண்ட் போனால் அடித்தது. குழந்தை புரண்டு பட்டி நழுவினால் அடித்தது. மூச்சு வரிசைக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி, பழையதை அழிக்க அவர் எழுதிய வரியில் பிழை இருந்தபோது, பாஸ்கல் நின்றது, ஹாரன் அலறியது. ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் கத்தக் கத்த, அவர் கால்கள் பழகிக்கொண்டன. சத்தம் கேட்டதும் ஓடுவார், சுண்டுவார், அப்புறம்தான் பார்ப்பார். மனைவி அவருக்குத் தலையணையை வைத்து மற்றதையும் சொல்லிக்கொடுத்திருந்தாள்: சுண்டி வரவில்லையென்றால் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்க்க வேண்டும், அதற்கும் வரவில்லையென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும்.

மனைவியின் அக்கா ஊருக்குத் திரும்பினார். மழைக்காலம் தொடங்கியது. மனைவி டியூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மறுபடியார் அடுத்த அறையில் ஒரு விவசாயப் புத்தகத்தின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தது.

கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலைச் சுண்டினார். வரவில்லை. மற்ற காலைச் சுண்டினார். பலமாகச் சுண்டினார். துணிப் பொம்மையின் காலைச் சுண்டுவதுபோல் இருந்தது. பட்டி கட்டியபடி சரியாகத்தான் இருந்தது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

குழந்தையை அள்ளி முன்கையில் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார். கை வழுக்கியது, அவருடைய வியர்வை. ஹாரன் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் படுக்க வைத்து, வாயால் மூடி ஊதினார். மார்பு ஒரு துளி எழும்பித் தாழ்ந்தது. அவர் விட்டது அது. அவளுடையது வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார். யாரோ படியில் ஓடிவரும் சத்தம். லேத் பட்டறைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், இன்னிக்கு ஹாரன் நிக்கவே..." என்றவர், பார்த்துவிட்டுத் திரும்பிப் படியில் தாவி இறங்கினார். "வண்டியை எடுங்கடா! வண்டியை எடுங்கடா!" என்று தெருவில் அவர் கத்துவது கேட்டது.

மூன்றாவது ஊதலுக்குப் பிறகு குழந்தை இருமியது. முகத்தைச் சுளித்தது. பிறகு, ஹாரனையும் மீறிக் கத்தியது.

பட்டறைக்காரரின் சரக்கு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனைவி எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து, கையில் கட்டுத்துணிச் சுருளோடு அப்படியே ஓடிவந்தாள். டாக்டர் குழந்தையை ஒரு வாரம் வைத்திருந்து, மருந்து கொடுத்து அனுப்பினார்.

"எவ்வளவு நேரம் நின்னிருந்தது?" என்று அவர் கேட்டபோது மறுபடியாருக்குச் சொல்லத் தெரியவில்லை. "சத்தம் கேட்டுது, ஓடினேன்," என்றார். "கண்ணாடியைக்கூடத் துடைக்கலை டாக்டர்."

அதற்குப் பிறகு பெரிய ஆபத்து வரவில்லை. குழந்தை தவழ்ந்தது, நின்றது. இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். மறுபடியார் மட்டும் பட்டியை அவிழ்க்கவில்லை. நடக்கப் பழகுகிற பெண்ணைத் தூங்கும்போது ஒயரில் கட்டிப் போடுவதா என்று மனைவி சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டாள். கடைசியில் ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்து எலாஸ்டிக்கை வெட்டிவிட்டாள். அன்று அவர் குழந்தையின் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டார். அவர் உண்மையாகத் தூங்கத் தொடங்க வெகுநாள் பிடித்தது.

சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் மனைவி மூலம் கேள்விப்பட்டு ஓர் இளம் தம்பதி வீட்டுக்கு வந்தார்கள். கைக்குழந்தை. அதே கோளாறு. அந்தப் பெண் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பேசும்போதே குழந்தையின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷினைத் தர முடியுமா என்று கேட்டார்கள்.

மறுபடியாருக்கு வியர்த்துவிட்டது. "என்னால முடியாதும்மா. எங்க வீட்டுல ஓடினது என் பயத்துல ஓடினது. இன்னொருத்தர் குழந்தைக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது? உள்ள இன்னும் என்ன பிழை இருக்கோ!"

அவர்கள் எழுந்து போனார்கள். மனைவி தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு இன்னிக்கும் தூங்கமாட்டா."

அவர் மறுநாள் கம்ப்யூட்டரையும் டேப்ரிக்கார்டரையும் ஹாரனையும் ஸ்விட்ச் தைத்த புதிய எலாஸ்டிக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, விலாசம் விசாரித்துப் போனார். அந்த வீட்டு டிவியில் இணைத்தார். தன் மார்பில் வைத்து மூச்சை அடக்கிக் காட்டினார். ஹாரன் அலறியது. பட்டியைக் குழந்தைக்குக் கட்டினார். புள்ளிகள் விழத் தொடங்கின.

"அப்ப நாங்க இதை நம்பலாமா சார்?" என்று கேட்டான் அந்தத் தகப்பன்.

"நம்பாதீங்க," என்றார் மறுபடியார். "ஒரு நாற்காலி போடுங்க. நானும் இருக்கேன்."

அன்று மட்டுமில்லை, அந்தக் குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை மத்தியானங்களில் தன் பெண்ணைப் பட்டறைக்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். முதல் நாள், திருத்தவேண்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் தாய் சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்து, சரிந்து தரையில் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். அவருக்குத் தன் குழந்தைக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. சாயங்காலம் அவள் எழுந்து தேநீர் போட்டுக் கொடுக்கும்வரை ஒரு வரிகூடத் திருத்தவில்லை.